பன்னிரண்டாவது ஜோடி

இரும்புக்கு வேர்க்கும் என்று அப்புசாமி அதுவரை கேள்விப்பட்டதில்லை.

பங்குனி மாதம். வாளையாறுப் பக்கமிருந்து கணவாய்க்குள் புகுந்து வருகிற காற்று, துவைத்துப் போட்ட வேட்டியைப் பத்தே நிமிஷத்தில் அப்பளமாக்கிவிடும் காலம். அந்தக் காற்றிலும், கஞ்சிக்கோட்டுப் பட்டறையின் நடுவே மரக்கட்டைகள் மேல் ஏற்றி வைத்திருந்த பெரிய இரும்பு உருளைக்கு அடியில், நாலாவது நாளாகத் தரை நனைந்து கிடந்தது. முந்தின சாயங்காலம் அவனே மரத்தூள் கொட்டி உலர்த்திவிட்டுப் போயிருந்தான். இப்போது அந்தத் தூள் ஊறிக் கறுத்து, விளிம்பெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பு.

"ராத்திரி மழ கிழ பேஞ்சுதுங்களா மச்சான்?" பின்னாலிருந்து செங்கோட்டையன் சிரித்தான்.

"பேஞ்ச மழ உப்பாவா இருக்கும், மாப்ளே?"

"அப்ப அழுதிருக்குமுங்க. கடல உட்டுப் பிரிஞ்சு வந்துதல்லொ."

அப்புசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மாப்பிள்ளையிடம் முகத்தைக் காட்டவும் முடியாது. தங்கை பொன்னாத்தாளின் புருஷன். அவளுக்கு இது ஏழாம் மாசம். காட்டு வேலை செய்துகொண்டிருந்தவனைப் பட்டறைக்குக் கூட்டிவந்து வெல்டிங் பழக்கியதே அப்புசாமிதான். "இரும்போட சோலியாச்சே அண்ணா" என்று அவள் கலங்கியபோது, "என்ற கண்ணு முன்னால இருக்கறவருக்கு என்ன வந்துரும்? நாம்பாத்துக்கறேன்" என்று வாய் நிறையச் சொல்லியிருந்தான். அந்த வார்த்தை அவன் கழுத்தில் மணிபோலக் கட்டியிருந்தது. மாப்பிள்ளை எங்கே நிற்கிறான், எதன் மேல் ஏறுகிறான் என்று ஒரு கண் எப்போதும் அவன் மேலேயே இருக்கும்.

உருளை ஒரு லாரி நீளம். உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கலாம். பழைய சண்டைக் காலத்தில் கடலில் முழுகிப்போன நீர்மூழ்கிக் கப்பலின் முன்னறை அது. இரும்பு பொறுக்குகிற கம்பெனிக்காரர்கள் முப்பது வருஷம் கழித்து அதை மட்டும் அறுத்து மேலே கொண்டு வந்தார்கள். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு கமாண்டர், பாலக்காட்டுக்காரர், தன் சொந்தப் பணத்தில் அதை வாங்கினார். கோயமுத்தூர் ரோட்டோரம் இருந்த தன் நிலத்தில் நினைவிடம் கட்டினார். பக்கத்துக் கட்டடத்தில் கண்ணாடிப் பெட்டிகள்; அவற்றில் செத்துப்போன மாலுமிகளின் தொப்பி, கடிதம், போட்டோ; சுவரில் பேர் வெட்டிய பித்தளைத் தகடு. இந்த அறை வெளியே மேடை மேல் நிற்கும். ஒரு பக்கம் கனமான வட்டக் கண்ணாடி பதித்து உள்ளே பல்பு போட்டால் சனங்கள் எட்டிப் பார்க்கலாம். ஆனால் வாசல் என்றைக்கும் திறக்கக் கூடாது, மூடிப் பற்றவைத்துவிட வேண்டும் என்பது அவருடைய கட்டளை.

ஏனென்றால் உள்ளே சப்பாத்துகள் இருந்தன, செத்தவர்கள் காலில் போட்டிருந்த பூட்ஸ். எலும்பு ஒன்றும் மிஞ்சவில்லை. தோல் மட்டும் மிஞ்சியிருந்தது. பதினோரு ஜோடி. கமாண்டர் தன் கையாலேயே அவற்றைத் துடைத்து, வலப்பக்கச் சுவரோரம், மூக்கு சுவரைப் பார்க்கிற மாதிரி வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்தார். யாரும் தொடக் கூடாது.

செங்கோட்டையன் உள்ளே போகும்போதெல்லாம் தன் டயர் செருப்பை வாசலுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழைவான். "செத்தவுங்க இருந்த எடமுங்க. செருப்புக் காலோட எப்படிப் போறது?" என்பான். அப்புசாமிக்கும் அது சௌகரியமாகப் போயிற்று. வெளியே செருப்பு கிடந்தால் மாப்பிள்ளை உள்ளே. செருப்பு இல்லையென்றால் டீக்கடையில்.

தண்ணி டேங்கு, பாய்லர் என்று மூடுகிற வேலையில் அந்தப் பட்டறைக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. கடைசி மூடியைப் பற்றவைக்கும் முன்னால் சுத்தியலால் மூணு தட்டுத் தட்ட வேண்டும். காதை இரும்பில் வைத்துப் பத்து எண்ண வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் அவனும் மூணு தட்டுவான். உடனே திறந்துவிட வேண்டும். மிஷின் ஓடுகிற சத்தத்தில் கத்தினால் கேட்காது, தட்டினால் கேட்கும். பல வருஷத்துக்கு முன்னால் வேறொரு பட்டறையில் டேங்குக்குள் தூங்கிப்போன ஒருவனை வைத்து மூடிய கதையை அப்புசாமி கேட்டிருக்கிறான். அன்றிலிருந்து தட்டாமல் அவன் எதையும் மூடியதில்லை. செங்கோட்டையனோ மூணு தட்டோடு நிற்க மாட்டான். சற்று விட்டு, நாலாவதாக ஒரு செல்லத் தட்டு. மச்சானைச் சீண்டுவதற்காக.

புதன்கிழமை மூடியைச் சும்மா பொருத்திப் பார்த்தார்கள். செங்கோட்டையன் எதிர்க்கடையில் டீ வாங்கப் போயிருந்தான். வாசலில் செருப்பு இல்லை. அப்புசாமி பழக்கத்தில் மூணு தட்டினான், காதை வைத்தான். வெயில் ஏறிய மத்தியானம், தொட்டால் கை சுடுகிற நேரம். ஆனால் அந்த இரும்பு அவன் காதுக்குக் குளிர்ந்து கிடந்தது, கிணற்றடிக் கல் மாதிரி. உள்ளேயிருந்து சேறும் பழைய எண்ணெயும் ஏதோ அழுகினதும் கலந்த வாடை விளிம்பு வழியாக மெல்லக் கசிந்து மூக்கில் ஏறிற்று.

டொக். டொக். டொக்.

மூடியைப் பிடுங்கி எறிந்தான். டார்ச் அடித்தான். பதினோரு ஜோடிச் சப்பாத்து. வேறு ஒன்றுமில்லை.

"என்னங்க மச்சான், பேயறைஞ்சாப்புல நிக்கறீங்க?" கையில் இரண்டு டம்ளரோடு மாப்பிள்ளை பின்னால் நின்றான்.

பட்டறை முதலாளி ஆறுமுகசாமி கேட்டுவிட்டுச் சிரித்தார். "பொழுதேனைக்கும் இரும்போட கெடக்கறவன் நீயி. சூடேறி ஆறுனா இரும்பு சத்தம் போடாதா?" போடும்தான். அப்புசாமிக்கும் தெரியும். ஆனால் இரும்பு எண்ணித் தட்டுமா?

வெள்ளிக்கிழமை கண்ணாடி பதித்து முடித்து மறுபடி மூடியைப் பொருத்தினார்கள். இந்தத் தடவை செங்கோட்டையனைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டான். அவன் கையைக்கூடப் பிடித்துக்கொண்டான். வெட்கமாகத்தான் இருந்தது; இருந்தாலும் பிடித்துக்கொண்டான். மூணு தட்டினான். இரண்டு பேரும் காதை வைத்தார்கள்.

டொக். டொக். டொக்.

சற்று விட்டு, மெல்ல, சீண்டுகிற மாதிரி... டொக்.

மாப்பிள்ளையின் கை அவன் கைக்குள் சில்லிட்டது. "மச்சான்," என்றான். "அது நாந்தட்டற தட்டுங்க."

கமாண்டர் சாயங்காலம் வந்தபோது அப்புசாமி அவரிடம் சொல்லிவிட்டான். முதலாளி மாதிரி அவர் சிரிக்கவில்லை. கிட்டே போய் அந்த இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"மூணு தட்டோ?"

"ஆமாங்கய்யா."

"ரெண்டு திவசம், ரெண்டு நாள் முழுக்க, உள்ளேயிருந்து தட்டினாங்க அப்புசாமி. நான் அன்னைக்குச் சின்னப் பையன். மேலே கப்பல்ல நின்னு கேட்டுட்டே இருந்தோம். முதல்ல பலமா. பின்னே மெதுவா. அறியுமா, எங்களால ஒண்ணும் செய்ய முடியல. பின்னே நின்னு போச்சு." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்களுக்கு ஒரு சமாதி வேணும். நல்லா அடைச்சிடு. அதுதான் மரியாதை."

அடைத்து வைப்பது மரியாதையா என்று அப்புசாமிக்குத் தோன்றிற்று. திறக்கச் சொல்லித் தட்டியவர்கள் அல்லவா அவர்கள்? ஆனால் பெரிய மனுஷரிடம் அதை எப்படிக் கேட்பது? அன்றைக்கு வீடு திரும்பும்போது மாப்பிள்ளையிடம், "நாளைக்கு நீங்க வர வேண்டாம்" என்றான். "ஞாயித்துக்கெழம தொறப்பு விழாவ வெச்சுக்கிட்டு நான் வராமப் போனா முதலாளி சும்மா உடுவாருங்களா?" என்று செங்கோட்டையன் கேட்டான். அதுவும் நியாயம்தான். அப்புசாமி விட்டுவிட்டான். அந்த ஒரு இடத்தில் மட்டும் அவன் பிடிவாதமாக நின்றிருக்கலாம்.

சனிக்கிழமை மத்தியானம் கரண்டு போயிற்று. லாரியும் பாரம் தூக்குகிற செயின் பிளாக்கும் வாசலில் வந்து காத்துக் கிடந்தன. முதலாளி நிமிஷத்துக்கு ஒருதரம் கத்தினார். அப்புசாமி பின்பக்கம் போய் டீசல் ஜெனரேட்டரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டி அதைக் கிளப்பிவிட்டு வந்தான். பட்டறை முழுக்க அதன் உறுமல்.

"மாப்பிள்ளை எங்கீங்க?"

"பல்பு போயிருச்சு, மாத்தச் சொன்னேன். மாத்திப்போட்டு டீக்குப் போறேன்னான். நீ மூடப்பா சாமி, லாரிக்காரன் போயிருவான்!" என்றார் முதலாளி.

வாசலில் செருப்பு இல்லை.

இருந்தாலும் குனிந்து உள்ளே பார்த்தான். புது பல்பு பளிச்சென்று எரிந்தது. வளைந்த சுவர், துரு, சுவரோரம் சப்பாத்து வரிசை. "மாப்ளே!" என்று கூப்பிட்டான். அவன் குரல் உள்ளே போயிற்று. திரும்பி வரவில்லை. ஆளில்லை. கண்ணால் பார்த்தான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வான், ஆளில்லை.

மூடியைப் பொருத்தினான். தட்டினான். காதை வைத்தான்.

டொக். டொக். டொக்.

டொக்.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. மாப்பிள்ளை தட்டுகிற தட்டை நேற்றே பழகிக்கொண்டுவிட்டது இந்தச் சனியன் என்று நினைத்தான். புதன்கிழமையே திறந்து பார்த்தாயிற்று. இப்போதும் பார்த்தாயிற்று. முதலாளி தோளைப் பிடித்து உலுக்கினார். முகமூடியை இறக்கிக்கொண்டு வெல்டிங் ராடை வைத்தான். நீல வெளிச்சம் வெடித்தது. சுற்றி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் கைப்பிடி வழியாக அவன் விரல் எலும்புக்குள் ஏதோ அதிர்ந்துகொண்டே இருந்தது. ஜெனரேட்டர் அதிர்வு என்று சொல்லிக்கொண்டான். திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான்.

லாரி போயிற்று. டீக்கடைக்குப் போனான். "செங்கோட்டையனா? இன்னைக்கு இந்தப் பக்கமே வல்லீங்களே" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு ஓடினான். பொன்னாத்தாள் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். "ஏனண்ணா, தனியா வாறீங்க? அவரு எங்கே?"

அப்படியே திரும்பி ஓடினான்.

நினைவிடத்துக்கு அவன் வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் மஞ்சளாக அடித்துக்கொண்டிருந்தது. உருளையை மேடையில் ஏற்றி, பல்புக்கு ஒயரும் கொடுத்துவிட்டிருந்தார்கள். மேடையின் புது சிமெண்டில் ஈரம். வட்டக் கண்ணாடியில் முகத்தை வைத்தான். சுவரோரம் சப்பாத்துகள். எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. வாய்விட்டு எண்ணினான். ஒன்பது. பத்து. பதினொன்று.

பன்னிரண்டு.

கடைசி ஜோடிக்கு ஆணி அடித்த டயர் வார். இடது கால் வாரில், போன வாரம் அப்புசாமியே போட்டுக் கொடுத்த செப்புக் கம்பி முடிச்சு.

அவன் போட்ட அலறலில் முதலாளி இரும்பு அறுக்கிற கேஸ் செட்டோடு வந்தார். கமாண்டரும் வந்தார். அப்புசாமி மூடியை அறுத்தான். பாதி வெட்டுவதற்குள் வெட்டிய வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. ஐஸ் மாதிரித் தண்ணீர். சுடர் அணைந்தது. மூடி தெறித்து விழ, தண்ணீர் அவனைத் தூக்கி எறிந்தது. நிற்கவில்லை. உருளை கொள்ளுகிற அளவைத் தாண்டியும் நிற்கவில்லை. கறுப்பாக, உப்பாக, கால் மணி நேரம் கொட்டிக் கோயமுத்தூர் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்க வயலில் இறங்கிற்று.

"இதே வாசனை," என்றார் கமாண்டர், யாரிடமும் இல்லாமல். "அன்னைக்கும் இதே வாசனைதான்."

உள்ளே ஆளில்லை. பல்பு எரிந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு ஜோடியும் இடம் மாறாமல், மூக்கு சுவரைப் பார்த்தபடி, வரிசையாக இருந்தன.

அப்புறம் நடந்ததெல்லாம் அப்புசாமிக்குப் பிறத்தியாருக்கு நடந்தது போல இருந்தது. போலீஸ்காரர் வந்தார். ஆளில்லாத இடத்தில் ஆள் செத்ததாக எப்படி எழுதுவது என்று கேட்டார். தண்ணீர் எப்படி வந்தது என்று மட்டும் அவர் கேட்கவில்லை. பம்பாய்க்கு ஓடியிருப்பான், பயல்கள் இப்படித்தான் பெண்டாட்டி வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும்போது ஓடுவார்கள் என்றார். முதலாளி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். செருப்பை மறந்து விட்டுவிட்டுப் போயிருப்பான் என்றார். அப்புசாமி அந்தச் செருப்பை எடுக்கக் குனிந்தபோது அது வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். வரவில்லை. ஆள் நிற்கிற செருப்பை இழுத்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனையே மறுபடி பற்றவைக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றான். கமாண்டரின் காலில் விழுந்தான். அவரும் அழுதார். "திறந்து வச்சா மட்டும் வந்துடுவாங்களா, அப்புசாமி?" என்றார். வேறு ஆளை வைத்துச் செய்துகொள்கிறேன் என்று முதலாளி மிரட்டியபோது, மாப்பிள்ளையை இன்னொருத்தன் கை மூடுவதா என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு வந்தது. அவனே மூடினான். இந்தத் தடவை தட்டவில்லை. தட்டுகிற தைரியம் அவனுக்கு இல்லை.

சாயங்காலம் விழா. மைக் செட், பந்தல், மாலை. பேண்டு வாசித்தார்கள். பித்தளைத் தகட்டிலிருந்த பேர்களைக் கமாண்டர் ஒவ்வொன்றாக வாசித்தார். சனங்கள் வரிசையில் வந்து வட்டக் கண்ணாடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, வெறுஞ் சப்பாத்துதானா" என்று சொல்லிவிட்டு வேர்க்கடலை வாங்கப் போனார்கள்.

பொன்னாத்தாளும் வந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, யார் துணையும் இல்லாமல். அப்புசாமி பாய்ந்து போய்க் குறுக்கே நின்றான். அவனை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடியில் நெற்றியை வைத்தாள்.

"அண்ணா," என்றாள் மெதுவாக. "அவுரு எதுக்குங்கண்ணா கடைசியில நிக்கறாரு?"

அவளைத் தள்ளிவிட்டுப் பார்த்தான்.

சப்பாத்துகள் சுவரோரம் இல்லை. அறை நடுவில், ஒன்றின் பின் ஒன்றாக, மூக்கெல்லாம் வாசலைப் பார்த்தபடி, வரிசை. மூடியை ஒட்டி முதல் ஜோடி. அதன் பின்னால் அடுத்தது. டிக்கெட் எடுக்க நிற்கிற மாதிரி, இடைவெளி விட்டு, பொறுமையாக. எல்லோருக்கும் பின்னால், தூரத்துக் கோடியில், டயர் செருப்பு. அடியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. விரல்கடை உயரம். கணுக்கால் உயரம். ஒரு சப்பாத்தும் அசையவில்லை.

பொன்னாத்தாள் தரையில் கிடந்த ஒரு கல்லை எடுத்தாள். அவன் தடுப்பதற்குள் இரும்பில் மூணு தட்டுத் தட்டினாள். அவளுக்கும் அந்த வழக்கம் தெரியும், புருஷன் சொல்லியிருப்பான்.

மூடிக்குப் பின்னால், மிகக் கிட்டத்தில், மூணு தட்டு. அது ஓய்ந்ததும் அதற்குப் பின்னால் இன்னொரு மூணு. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஒருவர் முடித்த பிறகு ஒருவர். ஒவ்வொன்றும் முந்தினதைவிடத் தூரத்தில். பேண்டு வாசித்துக்கொண்டிருந்தது. அண்ணனும் தங்கையும் இரும்பில் காதை வைத்து எண்ணினார்கள். ஏழு. எட்டு. கண்ணாடியில் தண்ணீர்க்கோடு ஏறியது. ஒன்பது. பத்து.

பதினொன்று.

அப்புறம், ரொம்ப ரொம்பத் தூரத்திலிருந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து, அவசரமில்லாத மூணு தட்டு.

சற்று விட்டு, ஒன்று.

"தொறங்கண்ணா," என்றாள் பொன்னாத்தாள். "அவங்களயெல்லாம் உட்டாத்தான அவரு வர முடியும்? தொறங்கண்ணா."

வட்டக் கண்ணாடி முழுக்கத் தண்ணீர் நிறைந்து கறுத்தது. மூடியைச் சுற்றி அப்புசாமி காலையில் போட்ட வெல்டிங் பற்று, உள்ளேயிருந்து, மெல்ல, ஒரு நூல் அகலம் வெளியே பிதுங்கிற்று.